லென்ஸ் வளையத்தில் வெள்ளை பூத்தால் பதற வேண்டாம்: ரப்பரைச் சுத்தம் செய்யும் சரியான முறை

தைப்பூசம் முடிந்த வாரத்தில் பல வீடுகளில் கேமராப் பைகள் திறக்கப்படும். பத்துமலையிலோ பினாங்கு தண்ணீர்மலையிலோ காவடிகளைப் படமெடுத்துத் திரும்பியவர்கள், அடுத்த கல்யாண வேலைக்கு முன் கருவிகளைத் துடைத்து வைக்க உட்காருவார்கள். கண்ணாடி சுத்தமாக இருக்கும். ஆனால் லென்ஸைச் சுற்றியுள்ள கறுப்பு ரப்பர் வளையத்தின் பள்ளங்களில் மட்டும் சுண்ணாம்பு தடவியது போல வெள்ளை படிந்திருக்கும். துடைத்தால் போகும். சில வாரம் கழித்துப் பார்த்தால் மறுபடியும் வந்து நிற்கும்.

இதைப் பார்த்ததும் சிலர் தேங்காய் எண்ணெயைத் தொட்டுத் தேய்க்கிறார்கள். வளையம் புதிதுபோல் கறுத்துவிடும். சிலர் வீட்டில் மிஞ்சிய பெயிண்ட் தின்னரைப் பஞ்சில் நனைத்துத் துடைக்கிறார்கள். இன்னும் சிலர், "லென்ஸுக்குப் பூசணம் பிடித்துவிட்டது" என்று பயந்து, பழைய கேமரா வாங்கும் கடையில் கேட்ட விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். முதல் இரண்டும் நல்ல லென்ஸைக் கெடுக்கும் வழி. மூன்றாவது, கெடாத லென்ஸைக் கெட்டதாக நினைத்து இழக்கும் வழி.

வாரநாளில் தொழிற்சாலையிலோ அலுவலகத்திலோ வேலை பார்த்து, சனி ஞாயிறுகளில் கல்யாணம், பிறந்தநாள், கோயில் திருவிழா என்று படமெடுத்துக் கூடுதலாக நாலு காசு சம்பாதிக்கும் இளைஞர்கள் தோட்டப்புறங்களிலும் பட்டணங்களிலும் நிறையவே இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு நல்ல லென்ஸ் என்பது பல மாதச் சேமிப்பு. அதனால்தான் இந்தச் சின்ன விஷயத்தைச் சரியாகத் தெரிந்துகொள்வது அவசியமாகிறது. சுருக்கமாகச் சொன்னால், பெரும்பாலான நேரங்களில் அந்த வெள்ளை அழுக்குமல்ல, பூசணமுமல்ல. ரப்பருக்குள் இருந்தே வெளியே வந்தது அது.

வளையத்தின் வேலை என்ன?

லென்ஸில் பொதுவாக ஒன்று அல்லது இரண்டு ரப்பர் வளையங்கள் இருக்கும். ஒன்றைத் திருப்பினால் படம் தெளிவடையும். இன்னொன்றைத் திருப்பினால் தொலைவில் உள்ளது அருகில் வரும். முற்காலத்து லென்ஸ்களில் இந்த இடம் வெறும் உலோகமாக, விரல் வழுக்காதபடி வரிவரியாகச் செதுக்கப்பட்டிருக்கும். 1970களிலிருந்து ரப்பர் வளையம் பரவலாகிவிட்டது.

கை வியர்த்தாலும் வழுக்காமல் இருக்கவே ரப்பரைப் போடுகிறார்கள். அந்தப் பிடிமானத்தைத் தருவதற்காக அதில் சின்னச் சின்னப் பள்ளங்களை வார்த்திருப்பார்கள். வியர்வை, தூசி, எண்ணெய் எல்லாம் போய்ச் சேரும் இடமும் அந்தப் பள்ளங்கள்தான். மணவறையில் அட்சதை விழும் நொடியில் வளையம் கையில் வழுக்கினால் அந்தப் படம் போனது போனதுதான். மறுபடி எடுக்க முடியாது. ஆகவே வளையத்தைச் சுத்தமாக வைப்பது வெறும் அழகுக்காக அல்ல.

வெள்ளை எங்கிருந்து வருகிறது?

பால்மரம் வெட்டியவர்களுக்கு ரப்பரின் குணத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மங்கில் வடியும் பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். மீதி பெரும்பாலும் தண்ணீர். ஆசிட் ஊற்றி உறைய வைத்து, மெஷினில் அழுத்தி, புகைவீட்டில் காயவைத்தால் ஷீட் கிடைக்கும். ஆனால் அந்த ஷீட்டை அப்படியே எடுத்து ஒரு பொருளாகச் செய்தால் அது நிலைக்காது. வெயிலில் இளகிப் பிசுபிசுக்கும், குளிரில் விறைத்துவிடும்.

இதற்கு வழி கண்டவர் அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர். 1839ஆம் ஆண்டில், ரப்பருடன் கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதியாகி, இழுத்தாலும் பழைய நிலைக்குத் திரும்பும் என்பதை அவர் கண்டார். இன்றைக்கும் டயர் முதல் குழாய் வாஷர் வரை பெரும்பாலான ரப்பர் பொருள்கள் அந்த அடிப்படையில்தான் செய்யப்படுகின்றன. லென்ஸ் வளையங்களில் பலவும் பால்மரத்து ரப்பர் அல்ல, செயற்கை ரப்பர். ஆனாலும் அவற்றிலும் பல சேர்மானங்கள் உண்டு. கடினப்படுத்த ஒன்று, வேலையை வேகப்படுத்த ஒன்று, சீக்கிரம் மூப்படையாமல் காக்க ஒன்று, காற்றில் உள்ள ஓசோன் வெடிப்பு உண்டாக்காமல் தடுக்க மெழுகு என்று பட்டியல் நீளும்.

இந்தச் சேர்மானங்களில் ரப்பருக்குள் முழுதாகத் தங்க முடியாத பகுதி, நாளடைவில் மெல்ல மெல்ல மேற்பரப்புக்கு நகர்ந்து வருகிறது. பழைய வீட்டுச் சுவரில் உப்புப் பூப்பதைப் பார்த்திருப்போம். சுவருக்குள் இருந்த உப்புதான் வெளியே வந்து வெள்ளையாகப் படிகிறது. யாரும் வெளியிலிருந்து கொண்டுவந்து தடவியதில்லை. ரப்பர் பூப்பதும் அதே போலத்தான். கார் டயரின் பக்கவாட்டில் நாளடைவில் பழுப்பு நிறம் ஏறுவதும் இந்த வகையைச் சேர்ந்ததே.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஓசோனைத் தடுக்கும் மெழுகு, வேண்டுமென்றே மேலே வரும்படிதான் சேர்க்கப்படுகிறது. மேலே படர்ந்து, ரப்பருக்கு ஒரு மெல்லிய போர்வையாக நிற்பதே அதன் வேலை. ஆக, வெள்ளை பூத்த வளையம் கெட்டுப்போன வளையம் அல்ல. துடைத்தபின் அது மீண்டும் வந்தால் துடைத்தவர் மேல் தவறில்லை. உள்ளே இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, அவ்வளவுதான்.

பூத்ததா, பூசணமா, திருநீறா?

சுத்தம் செய்வதற்கு முன் அது என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும். நம்மவர் லென்ஸ்களில் மூன்று வகை வெள்ளை காணப்படுகிறது.

முதலாவது, ரப்பர் பூத்தது. இது வளையம் முழுக்க ஒரே சீராக இருக்கும். மெல்லிய சாம்பல் படலம் போலத் தெரியும். விரல் அடிக்கடி படும் மேட்டில் குறைவாகவும், படாத பள்ளத்தில் அதிகமாகவும் இருக்கும். வாசனை எதுவும் இராது. நனைத்த துணியால் துடைத்தால் உடனே கறுப்பாகத் தெரியும். காய்ந்ததும் லேசாக வெளுக்கும்.

இரண்டாவது, பூசணம். இது சீராக இராது. புள்ளி புள்ளியாக, திட்டுத் திட்டாக, பஞ்சு நூல் போல இருக்கும். பையைத் திறந்ததும் மக்கல் வாடை அடிக்கும். சரியாகப் புகை ஏறாத ஷீட்டில் பூசணம் படர்வதைப் பார்த்தவர்களுக்கு இதன் தோற்றம் பழக்கமானதே. லென்ஸ் வளையத்தில் பூசணம் வளர்வதற்குத் தீனி கொடுப்பது, பள்ளங்களில் தங்கிய வியர்வையும் கையழுக்கும்.

மூன்றாவது, வெளியிலிருந்து வந்த தூள். கோயிலில் படமெடுப்பவர்களின் லென்ஸில் திருநீறு படாமல் இருக்காது. கல்யாண வீட்டில் முகப்பவுடரும், பொங்கல் கோலத்தில் அரிசி மாவும் ஒட்டிக்கொள்ளும். இது ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் இருக்கும். பிரஷ்ஷால் தட்டினாலே உதிரும்.

பூசணம் என்று சந்தேகம் வந்தால் ரப்பரோடு நிறுத்தக் கூடாது. கண்ணாடியையும் சோதிக்க வேண்டும். லென்ஸைக் கேமராவிலிருந்து கழற்றி, ஒரு பக்கத்திலிருந்து கைத்தொலைபேசியின் விளக்கைச் சாய்வாக அடித்து, மறுபக்கத்திலிருந்து பார்க்கலாம். சிலந்தி வலை போன்ற மெல்லிய நூல்கள் உள்ளே தெரிந்தால் அது கண்ணாடிப் பூசணம். அதை வீட்டில் பிரித்துத் துடைக்க முயலாமல், பழுதுபார்ப்பவரிடம் தாமதமின்றிக் கொடுக்க வேண்டும். அப்படி எதுவும் தெரியாமல், ரப்பரில் மட்டும் சீரான வெள்ளை இருந்தால் லென்ஸ் நன்றாகவே இருக்கிறது. அதைக் குறைந்த விலைக்கு விற்க ஒரு காரணமும் இல்லை.

சுத்தம் செய்யும் முறை

இதற்கு விலையுயர்ந்த பொருள் எதுவும் தேவையில்லை. மென்மையான பழைய டூத்பிரஷ் ஒன்று, நூல் உதிராத மைக்ரோஃபைபர் துணி இரண்டு, பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் ஒரு சொட்டு, ஒரு கிண்ணம் வெதுவெதுப்பான தண்ணீர் இருந்தால் போதும். காற்றூதும் ரப்பர் குமிழ் இருந்தால் நல்லது. டூத்பிரஷ்ஷில் பற்பசை மிச்சம் இல்லாதபடி நன்றாக அலசிக் காயவைத்திருக்க வேண்டும். பற்பசையில் பொடி உண்டு, அது கீறும்.

முதலில் லென்ஸின் முன்மூடியையும் பின்மூடியையும் இறுக்கமாகப் போட வேண்டும். கேமராவில் மாட்டியிருந்தால் கேமராவை அணைத்துவிட வேண்டும். பிறகு ஈரம் எதுவும் படுவதற்கு முன், உலர்ந்த பிரஷ்ஷால் பள்ளத்தின் போக்கிலேயே தூசியைத் தட்டிவிட்டு, காற்றால் ஊத வேண்டும். இந்தப் படி மிக முக்கியம். திருநீறும் மண்ணும் மேலே இருக்கும்போதே துடைத்தால், அந்தத் துகள் வளையத்துக்கும் லென்ஸ் உடலுக்கும் நடுவிலுள்ள இடைவெளிக்குள் போய்விடும். திருப்பும்போது 'கரகர'வென்று அரைக்கும். லென்ஸை முகம் கீழே பார்க்கும்படி சாய்த்துப் பிடித்துக்கொண்டு தட்டினால் தூள் வெளியே விழும்.

வாயால் ஊதக் கூடாது. வாய்க்காற்றோடு எச்சில் துளியும் போகும்.

அடுத்து, ஒரு கிண்ணம் தண்ணீரில் ஒரே ஒரு சொட்டுச் சோப்பைக் கலந்து, அதில் துணியை நனைத்து, சொட்டுக்கூட வடியாதபடி பிழிய வேண்டும். லென்ஸை நனைக்கக் கூடாது. துணியைத்தான் நனைக்க வேண்டும். அந்தத் துணியால் வளையத்தைச் சுற்றித் துடைக்கலாம். பள்ளத்தில் அழுக்கு விடாப்பிடியாக இருந்தால், டூத்பிரஷ்ஷின் நுனியை மட்டும் லேசாக நனைத்து, உதறிவிட்டு, சின்னச் சின்னதாகத் தேய்க்கலாம். வளையத்தின் இரண்டு ஓரங்களிலும் தண்ணீர் தங்கவிடக் கூடாது.

பிறகு சோப்பில்லாத வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒருமுறை துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். மின்விசிறியின் அடியில் ஒரு மணி நேரமாவது வைத்தபின்தான் பைக்குள் போட வேண்டும். வெயிலில் காயவைக்கக் கூடாது. வெயிலும் சூடும் ரப்பரைச் சீக்கிரம் மூப்படையச் செய்யும்.

"மழைத்தூறல் தாங்கும்" என்று சொல்லி விற்கப்படும் லென்ஸையும் குழாயடியில் காட்டக் கூடாது. தூறல் தாங்குவது வேறு, நீரோட்டம் தாங்குவது வேறு.

ஆல்கஹால் எப்போது?

சோப்புத் தண்ணீருக்கும் மசியாத வெள்ளைக்கு, மருந்தகத்தில் கிடைக்கும் 70 விழுக்காட்டு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பயன்படுத்தலாம். மெழுகு, கை எண்ணெய், பூசணம் மூன்றையும் அது எடுத்துவிடும். இங்கேயும் அதே விதிதான்: துணியில் நாலு சொட்டு விட்டு, அந்தத் துணியால் துடைக்க வேண்டும். லென்ஸ் மேல் நேராகத் தெளிக்கவே கூடாது.

சில எச்சரிக்கைகள் உண்டு. முதலில் வளையத்தின் அடிப்பக்கம், கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில் தொட்டுப் பார்க்க வேண்டும். துணியில் கறுப்புச் சாயம் தொடர்ந்து ஏறினாலோ, ரப்பர் பிசுபிசுத்தாலோ உடனே நிறுத்திவிட வேண்டும். லென்ஸில் எழுதியுள்ள எண்களின் மேல் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வாரா வாரம் ஆல்கஹாலால் துடைத்தால் ரப்பர் வறண்டுவிடும்; எப்போதாவது ஒரு முறை போதும். இது எளிதில் தீப்பிடிக்கும் பொருள் என்பதால், சாமி விளக்கு எரியும் அறையிலோ அடுப்பருகிலோ வைத்துச் செய்யக் கூடாது.

கைக்குத் தடவும் சானிடைசரில் ஆல்கஹால்தானே இருக்கிறது என்று சிலர் அதையே எடுத்துத் துடைக்கிறார்கள். அதில் கிளிசரினும் வாசனைப் பொருளும் கலந்திருக்கும். அவை வளையத்தில் தங்கி, பிசுபிசுத்து, மேலும் தூசியை இழுக்கும்.

கோயில் படங்கள் எடுப்பவர்களுக்கு இன்னொரு குறிப்பு. மஞ்சள் கறை வெறும் தண்ணீருக்குப் போகாது. மஞ்சளின் நிறப்பொருள் ஆல்கஹாலில்தான் கரையும். காரமுள்ள கட்டிச் சோப்பைப் போட்டால் மஞ்சள் சிவந்துவிடும். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்வதும் இதே குணத்தால்தான். எண்ணெய்ப் பசையுள்ள கற்பூரக் கரிக்கும் நெய்க்கும் சோப்புத் திரவமே போதும். சந்தனம் காய்ந்து கட்டியிருந்தால் சுரண்டாமல், ஈரத்துணியைச் சற்று நேரம் மேலே வைத்து ஊறவிட்டுத் துடைத்தால் வந்துவிடும். அபிஷேகப் பால் தெறித்தால் அன்றைக்கே துடைத்துவிட வேண்டும். விட்டுவைத்த பால், பூசணத்துக்கு விருந்து.

வளையத்தைக் கழற்றிக் கழுவலாமா?

பல லென்ஸ்களில் ரப்பர் வளையம் ஓர் அகலமான பட்டை மட்டுமே. தன் இழுவிசையாலோ, அடியில் உள்ள இருபக்கமும் ஒட்டும் டேப்பாலோ அது நிற்கிறது. அப்படிப்பட்டதைக் கழற்றிக் கழுவ முடியும். ஆனால் இது எல்லாருக்குமான வேலை அல்ல. உத்தரவாதக் காலம் முடியாத லென்ஸிலும், வளையம் அசையாமல் இறுக ஒட்டியிருக்கும் லென்ஸிலும் இதைச் செய்யாமல் இருப்பதே நல்லது.

செய்யத் துணிபவர்கள், முதலில் வளையம் எப்படி நிற்கிறது என்று கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம். சில வளையங்களுக்கு மேல் கீழ் வேறுபாடு உண்டு. அடிப்புறத்தில் உள்ள ஒரு மேடு, உடலில் உள்ள பள்ளத்தில் பொருந்தும்படியும் சிலவற்றைச் செய்திருப்பார்கள். பிறகு நுனி மழுங்கிய சாத்தே குச்சியை வளையத்தின் ஓரத்தில் மெல்ல நுழைத்து, சுற்றிலும் ஓடவிட்டு, வளையத்தை மடித்து உருட்டிக் கழற்ற வேண்டும். கத்தியோ ஸ்குரூடிரைவரோ வேண்டாம். வளையத்துக்கு அடியில் திருகாணிகளோ அவற்றை மூடிய டேப்போ தெரிந்தால் அவற்றைத் தொடக் கூடாது.

கழற்றிய வளையத்தை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, இரண்டு பக்கமும் பிரஷ்ஷால் தேய்த்து அலசி, நிழலில் முழுதாகக் காயவைத்து மாட்டலாம். ஈரத்தோடு மாட்டினால் அடியில் தங்கும் ஈரமே பூசணத்துக்கு வீடாகிவிடும்.

பிசுபிசுப்பும் தளர்ச்சியும்

வெள்ளை பூப்பது ஒன்று, பிசுபிசுப்பு வேறொன்று. 1990களிலும் அதற்குப் பிறகும் வந்த சில கேமராக்களிலும் லென்ஸ்களிலும், பிளாஸ்டிக்கின் மேல் வெல்வெட் போன்ற மெல்லிய பூச்சு ஒன்றைப் பூசியிருப்பார்கள். பார்க்க ரப்பர் போலிருக்கும். ஆனால் அது பெரும்பாலும் பாலியூரித்தேன் பூச்சு. காற்றில் உள்ள ஈரம் ஆண்டுக்கணக்கில் அதைச் சிதைக்கும்போது, அது பலாப்பிசின் போல விரலில் ஒட்டத் தொடங்கும். மலேசியா போல் ஈரக்காற்று குறையாத நாட்டில் இது சீக்கிரமே வரும்.

சிதைந்த பூச்சை எந்தச் சோப்பாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. ஆல்கஹால் தொட்ட துணியால் பொறுமையாகத் தேய்த்து அந்தப் பூச்சையே எடுத்துவிடலாம். அடியில் உள்ள வழவழப்பான பிளாஸ்டிக் தெரியும். பூச்சின் மேல் அச்சிட்ட எழுத்துகள் அதோடு போய்விடும் என்பதைத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும். முகப்பவுடர் போட்டு மறைப்பது வேண்டாம். இரண்டு நாளில் பவுடர் பிசினோடு சேர்ந்து பசையாகும்.

இன்னொரு கோளாறு, வளையம் பெருத்துத் தளர்ந்து போவது. இறுக்கமாக இருந்த வளையம், திருப்பும்போது தனியாக வழுக்கிச் சுற்றும். கை எண்ணெய், தலைக்கு வைக்கும் எண்ணெய், வெயிலுக்குத் தடவும் களிம்பு ஆகியவற்றை ரப்பர் உறிஞ்சி உப்புவது இதற்கு ஒரு காரணம். கொசு விரட்டும் மருந்தும் இதில் சேரும். டீட் என்ற பொருள் கலந்த கொசு மருந்து, பல வகைப் பிளாஸ்டிக்கையும் பூச்சையும் இளக்கிவிடும் தன்மை உள்ளது. டிங்கிக் காய்ச்சலுக்குப் பயந்து கொசு மருந்து பூசுவது தேவையானதே. பூசியபின் உள்ளங்கையையும் விரல்களையும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுக் கேமராவைத் தொட்டால் போதும்.

தளர்ந்துபோன வளையமும், குறுக்கே மெல்லிய வெடிப்பு விட்ட வளையமும் சுத்தம் செய்து சரியாகக்கூடியவை அல்ல. மாற்றுவதுதான் வழி. லென்ஸின் முழுப் பெயரையும் குறித்துக்கொண்டு பழுதுபார்க்கும் கடையில் கேட்டால், அந்த மாதிரிக்கான வளையம் மட்டும் தனியாகக் கிடைக்கக்கூடும். வளையத்துக்காக லென்ஸையே மாற்ற வேண்டியதில்லை. வளையத்தை அதிவேகப் பசை போட்டு ஒட்டக் கூடாது. பசை இடைவெளியில் இறங்கினால் லென்ஸ் திரும்பாமல் நின்றுவிடும்.

தொடவே கூடாதவை

தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் எதுவும் ஆகாது. எண்ணெய் தடவினால் வெள்ளை மறைவது உண்மைதான். ஆனால் அது போகவில்லை, மறைந்திருக்கிறது. எண்ணெய் மட்டும் சில வகை ரப்பரை உப்பவைத்து, தூசியைக் கூட்டி, இடைவெளி வழியாக உள்ளே கசியும். உள்ளே ஒளியைக் கட்டுப்படுத்தும் மெல்லிய தகடுகளில் எண்ணெய் ஏறினால் அவை ஒட்டிக்கொள்ளும். அதைச் சரிசெய்ய லென்ஸை முழுதாகப் பிரிக்க வேண்டியிருக்கும்.

மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர், நகச்சாயம் நீக்கும் அசிட்டோன் ஆகியவையும் கூடாது. சட்டையில் காய்ந்த ரப்பர் பாலை மண்ணெண்ணெய் எப்படி இளக்கும் என்பதைத் தோட்டத்தில் இருந்தவர்கள் அறிவார்கள். அதே வேலையை அது லென்ஸ் வளையத்திலும் செய்யும். அசிட்டோன் பிளாஸ்டிக்கையும் எழுத்துச் சாயத்தையும் கரைத்துவிடும். டயருக்குப் பளபளப்பு ஏற்றும் திரவம், துரு நீக்கும் ஸ்ப்ரே, சப்பாத்து பாலிஷ் ஆகியவையும் இந்தப் பட்டியலில் சேரும். பளபளப்பு வரும்; கூடவே வழுக்கலும் வரும். பிடிமானத்துக்கென்றே இருக்கும் வளையம் வழுக்கினால் அது எதற்கு?

வைக்கும் இடம்

சுத்தம் செய்வது பாதி வேலை. வைக்கும் இடம் மீதிப் பாதி. காற்றில் ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டி நிற்கும் நாடு இது. கேமராக்களுக்கு 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதம் ஏற்றது. தொழிலாகச் செய்பவர்கள் இதற்கென உள்ள மின்சார உலர்பெட்டியை வாங்குவது நல்லது.

அதற்கு வசதியில்லாதவர்கள், மூடியில் ரப்பர் விளிம்புள்ள காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு, சிறிய ஈரப்பத மானி ஒன்றையும் வைத்துக்கொள்ளலாம். நிறம் மாறும் ஜெல்லாக இருந்தால் எப்போது மாற்றுவது என்று பார்த்தே தெரிந்துகொள்ளலாம். தோல் உறையில் போட்டு மாதக்கணக்கில் வைக்கக் கூடாது. தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். பட்டுப்புடவை அலமாரியில் அந்துருண்டையோடு வைப்பதும் கெடுதல். அதன் ஆவி பிளாஸ்டிக்கைத் தாக்கும், கண்ணாடியிலும் படியும். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டுப் போவதும் ரப்பருக்கு ஆகாது.

எல்லாவற்றையும்விட நல்லது, அடிக்கடி எடுத்துப் பயன்படுத்துவதும், பயன்படுத்திய அன்றே உலர்ந்த துணியால் ஒருமுறை துடைத்து வைப்பதும்தான்.

அலமாரியில் இருக்கும் பழைய கேமரா

தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறி, குடும்பங்கள் பட்டணத்துக்கு வந்தபோது கூடவே வந்த பொருள்களில் சில வீடுகளில் ஒரு ஃபிலிம் கேமராவும் இருக்கும். லயத்து வாசலில் நின்று எடுத்த குடும்பப் படமும், தோட்டத்துக் கோயில் திருவிழாப் படமும் அதில் எடுத்தவையாக இருக்கலாம். அந்த லயமும் இன்று இல்லை, சில இடங்களில் அந்தக் கோயிலும் இல்லை. வீடு மாற்றும்போது அந்தக் கேமரா கையில் அகப்படும். வளையம் வெளுத்து, தொட்டால் கையில் வெள்ளை ஒட்டும். "கெட்டுப்போச்சு" என்று குப்பையில் போடுவதற்கு முன், மேலே சொன்ன ஒரு சொட்டுச் சோப்பையும் பழைய டூத்பிரஷ்ஷையும் எடுத்துப் பத்து நிமிடம் செலவிடலாம்.

பின்மூடியைத் திறக்கும் முன், உள்ளே ஃபிலிம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல கேமராக்களில் ஃபிலிமைத் திருப்பிச் சுற்றும் குமிழை மெல்லத் திருப்பினால் இறுக்கம் தெரியும். இறுக்கம் இருந்தால் உள்ளே ஃபிலிம் இருக்கிறது. அப்போது திறக்காமல், ஃபிலிம் கழுவித் தரும் கடைக்கு அப்படியே கொண்டுபோக வேண்டும். உள்ளே யாருடைய முகம் இருக்கிறதோ! திறந்தாலும், நடுவில் உள்ள மெல்லிய திரையை விரலாலோ பிரஷ்ஷாலோ தொடக் கூடாது.

பூத்த வெள்ளை துடைத்தால் போகும், ஒருவேளை மறுபடியும் வரும், மறுபடியும் துடைக்கலாம். எண்ணெயும் தின்னரும் கைக்கு எட்டாத தூரத்தில் இருக்கும் வரை, அந்த வளையம் இன்னும் பல ஆண்டுகள் கையில் நிற்கும்.